பாரமும் பறத்தலும்

பொய் சொல்லலாகாது என்று குழந்தைக்குக் கற்பிக்கின்ற அதே வாயால், மலையைப் பெயர்த்துக் கையிலேந்தி வானிற் பறந்த அனுமனின் கதையையும் நாம் சொல்லிவருகின்றோம். இவ்விரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்னும் ஐயம் நம் பாட்டிமார்க்கு எழுந்ததாகத் தெரியவில்லை. அவர்கள் பள்ளி செல்லாதவர்கள், ஆகவே எழவில்லை என்று விடை கூறித் தப்பித்துக்கொள்வது எளிது. ஆயின் அவர்கள் தேங்காய் விழும் மரத்தடியில் பிள்ளையைக் கிடத்தியவர்கள் அல்லர். கிணற்றுச் சுவரில் ஏறிய சிறுவனை ஒரு நொடியில் இழுத்துப் போட்டவர்கள். புவியீர்ப்பைப் பற்றி அவர்கள் அறிந்திருந்த அளவு நம்மிற் பலர் அறியோம். அத்தகையவர்கள் பறக்கும் வானரத்தை மனம் கூசாமற் சொன்னார்கள் என்றால், அதனுள் ஏதோ ஒரு தெளிவு இருந்திருத்தல் வேண்டும்.

இன்று அந்தக் கதையின் இடத்தைத் திரை பிடித்துக்கொண்டது. மும்பையிலோ பெங்களூரிலோ வளைகுடா நாட்டிலோ வாழும் நம் குடும்பங்களில், பள்ளியினின்று திரும்பிய குழந்தை முதலிற் காண்பது அசைவூட்டப் படத்தைத்தான். கார்ட்டூன் என்று சொன்னால் எல்லோர்க்கும் விளங்கும். அங்கே ஓநாய் ஒன்று மலை விளிம்பைக் கடந்து வெறுங்காற்றில் ஓடுகிறது. கீழே பார்க்கும் வரை விழுவதில்லை. பூனையின் தலையில் இரும்புக் கல் விழுகிறது. பூனை தட்டையாகிப் பின் மீண்டும் பூனையாகிறது. வீடு ஒன்று பலூன்களிற் கட்டுண்டு பறக்கிறது. இவற்றைக் கண்டு சிரிக்கும் குழந்தையின் அருகில் அமர்ந்திருக்கும் நமக்கு ஒரு கேள்வி எழத்தான் செய்கிறது. இயற்கையின் விதியை வளைத்துக் காட்டும் இக்கலை பொய்யா? பொய்யெனின், தீதா?

இக்கேள்வியை வெள்ளறடைப் பக்கத்து மக்கள் கேட்பதில் ஒரு பொருத்தமுண்டு. விதிகளில் இரு வகை உண்டென்பதை நாம் ஏட்டில் படித்து அறியவில்லை. பனச்சமூட்டுச் சாலையில் நடந்தே அறிந்தோம். 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. ஒரே குடும்பத்தின் அண்ணன் ஒரு மாநிலத்திலும் தம்பி மறு மாநிலத்திலும் விழித்தெழுந்தனர். பள்ளிக்கூடத்தின் மொழி மாறிற்று, பத்திரத்தின் முத்திரை மாறிற்று, பேருந்தின் பலகை மாறிற்று. ஆனால் எல்லைக்கு இப்பால் நின்ற பலாவின் பழம் அப்பால் நின்ற பலாவின் பழத்தைப் போன்றே விழுந்தது. மனிதன் இட்ட விதி ஓர் இரவில் வளைந்தது. இயற்கை இட்ட விதி அசையவில்லை. எனவே வளையக் கூடியது எது, வளையாதது எது என்று பிரித்தறியும் பழக்கம் எல்லைப்புறத்தார்க்குச் சற்று மிகுதி என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமையுண்டு.

முதலில், இப்படங்களை ஆக்குவோர் இயற்பியலை அறியாதவர் என்னும் எண்ணத்தை நீக்கிவிடுதல் நன்று. அசைவூட்டக் கலையைக் கற்க வருகின்ற மாணவனுக்குக் கொடுக்கப்படும் முதற்பாடம் தேவதையும் அன்று, அரக்கனும் அன்று. ஒரு பந்து. அது விழுந்து எழுந்து மீண்டும் விழுவதை அவன் வரைந்து காட்ட வேண்டும். திரையில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. விழும் பொருள் சம கால இடைவெளிகளில் கடக்கும் தொலைவுகள் 1, 3, 5, 7 என ஒற்றைப்படை எண்களாய் வளர்கின்றன என்று கலிலியோ கண்டார். இந்தக் கணக்கைக் கைவிட்டு, எல்லாப் படங்களுக்கும் இடையே ஒரே தொலைவு வைத்து வரைந்தால் பந்து விழாது. கயிற்றில் இறக்கப்படுவது போல் இறங்கும். பார்ப்பவனுக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ தவறு என்று அவன் கண் சொல்லிவிடும்.

டிஸ்னி நிறுவனத்தின் மூத்த ஓவியர்களான பிராங்க் தாமஸ், ஆலி ஜான்ஸ்டன் இருவரும் 1981-இல் வெளியிட்ட பெருநூலில் இக்கலையின் பன்னிரண்டு நெறிகளைத் தொகுத்துரைத்தனர். அவற்றுள் முதலாவது, நசுங்குதலும் நீளுதலும். தரையில் மோதும் பந்து நசுங்கலாம், எழும்போது நீளலாம். ஆனால் அதன் மொத்தப் பருமன் மாறலாகாது. நசுங்கிய பந்து அகலத்திலும் விரியாவிடில், அது காற்றிழந்த பந்தாகத் தோன்றும். பூனை தட்டையாகும்போது அது பரந்தும் விரிவது இதனால்தான். விளையாட்டுக்கு வளைத்த விதியினுள்ளும் ஒரு சேமிப்புக் கணக்கு உள்ளது.

2013-இல் வெளிவந்த 'ஃபுரோஸன்' என்னும் டிஸ்னிப் படத்தில் கைவீச்சால் பனிமாளிகை எழுப்பும் அரசி வருகிறாள். அவளது மாயத்தை நம்பச் செய்ய, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்துக் கணிதவியலாரோடு சேர்ந்து, பனி எப்படிக் கட்டியாகிறது, எப்படி உடைகிறது, எப்படிக் காலில் ஒட்டுகிறது என்பதைச் சமன்பாடுகளாக வடித்தனர். மாயம் ஒன்றே ஒன்று. அதைத் தாங்கி நின்ற மெய்யோ ஆயிரம்.

இதனைக் கம்பன் நன்கறிந்திருந்தான். வால்மீகியும் அறிந்திருந்தார். அனுமன் மகேந்திர மலையினின்று கடல் தாவும் இடத்தை நினைத்துப் பாருங்கள். பறந்தான் என்று ஒரு சொல்லில் முடித்துவிட அவர்களுக்கு எத்தனை நேரமாகும்? முடிக்கவில்லை. அவன் கால் ஊன்றிய அழுத்தத்தால் மலை அமிழ்கிறது, ஊற்றுக்கள் பீறிடுகின்றன, குகைகளில் இருந்த விலங்குகளும் பாம்புகளும் கலங்கி வெளிப்படுகின்றன, எழுந்தவனின் வேகத்தில் மரங்கள் வேரோடு பெயர்ந்து சிறிது தொலைவு பின்தொடர்ந்து கடலில் வீழ்கின்றன. ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்று நியூட்டன் 1687-இல் எழுதினார். நம் புலவர்கள் நியூட்டனுக்கு முன்பே இயற்பியல் கண்டார்கள் என்று மார்தட்டும் கட்டுரைகளை இத்தகைய மலர்களில் நாம் நிறையப் படித்திருக்கின்றோம். அந்த வரிசையில் இன்னொன்றைச் சேர்ப்பது நம் நோக்கமன்று. கம்பன் விதி எழுதவில்லை. எழும்புகிறவன் எதையேனும் மிதித்துத்தான் எழும்ப வேண்டும் என்னும் மெய்யைத் தன் உடலால் அறிந்திருந்தான், அவ்வளவே. அந்த ஓர் அறிவு போதும், பொய்யை மெய்யின் மேல் நிற்க வைக்க. பறந்த மரங்கள் கடலில் விழுந்தமையால்தான் அனுமன் விழாமை நமக்கு வியப்பாகிறது. எல்லாமே பறக்கும் உலகில் பறப்பதற்கு என்ன பெருமை?

மரபு வழியாக அம்மகேந்திர மலையென்று நம்மவர் சுட்டும் மகேந்திரகிரியின் அடிவாரத்தில் இன்று இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ராக்கெட் எஞ்சின்களைச் சோதித்துவருகிறது. 1963 நவம்பர் 21 அன்று தும்பாவினின்று எழுந்த முதல் ராக்கெட்டோ, கடற்கரைத் தேவாலயம் ஒன்றினை அலுவலகமாக்கிக்கொண்டவர்களின் கையால் அனுப்பப்பட்டது. அந்த எஞ்சினும் கீழ்நோக்கி உதைத்தே மேலெழுகிறது. கதைக்கும் கருவிக்கும் இடையே உள்ள வேறுபாட்டை மறைக்க நாம் விரும்பவில்லை. ஆனால் இரண்டிலும் உதைப்பு உண்டு.

அதே அனுமன் பின்னர்க் கணினித்திரைக்கும் வந்தான். 1999-இல் திருவனந்தபுரத்து டெக்னோபார்க்கில் தொடங்கப்பட்ட டூன்ஸ் நிறுவனம், 2003-இல் தெனாலிராமன் கதைகளைத் தொலைக்காட்சித் தொடராக்கிற்று; 2007-இல் வெளிவந்த 'ரிட்டர்ன் ஆஃப் ஹனுமான்' படத்தின் ஆக்கத்திலும் பங்குகொண்டது. நம் எல்லைப்புறத்தினின்று இரண்டு பேருந்து மாறினால் போய்ச் சேரக்கூடிய இடத்தில் இவை நிகழ்ந்தன என்பது நம்மவர் பலர்க்குத் தெரியாது. 1957-இல் மத்திய அரசின் திரைப்படப் பிரிவு ஆக்கிய ஆலமரத்து மான் பற்றிய சிறு படத்திலிருந்து கணக்கிட்டால் இந்திய அசைவூட்டக் கலைக்கு அறுபதாண்டுக்கு மேற்பட்ட வயது. தமிழில் அது இன்னும் தளர்நடைதான். 2014-இல் வெளிவந்த 'கோச்சடையான்' நடிகரின் அசைவைக் கருவியாற் பதிந்து ஆக்கப்பட்டது. ஆயினும் அதில் உருவங்கள் நடக்கும்போது தரை அதை உணர்ந்ததாக நமக்குத் தோன்றவில்லை. பறக்கும் குதிரையை மன்னிக்கலாம். எடையில்லாத நடையை மன்னித்தல் அரிது.

கணினிக்கு நெடுநாள் முன்பே நம் பக்கத்தில் அசைவோவியம் இருந்தது. குமரி மாவட்டத்தின் தோல்பாவைக் கூத்தை நம் மூத்தோர் பலர் இரவிரவாகக் கண்டிருப்பர். மண்டிகர் எனப்படும் குடியினர் ஆட்டுத்தோலிற் பாவை செய்து, வண்ணம் தீட்டி, வெண்திரைக்குப் பின் விளக்கேற்றி, இராமகாதையைப் பல இரவுகள் நிகழ்த்திவந்தனர். ஒரே ஆள் எல்லாப் பாவைகளையும் ஆட்டுவான். எல்லாக் குரல்களையும் பேசுவான். பாவையைத் திரையினின்று விளக்கின் பக்கம் இழுத்தால் நிழல் பெருக்கும், ஓரங்கள் மங்கும். அனுமன் பேருருவங்கொள்ள அதற்குமேல் எந்திரம் எதுவும் தேவையில்லை. ஒளி நேர்கோட்டிற் செல்லும் என்னும் விதியை மீறாமலே, உடல் ஒன்று நொடியில் வளராது என்னும் விதியை அங்கே மீறிவிடலாம்.

இம்முறையின் உச்சமென்று நாம் கருதுவது 1984-இல் வெளிவந்த மலையாளப் படமான 'மை டியர் குட்டிச்சாத்தான்'. இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படம் அது. ஜிஜோ இயக்கியது, நவோதயா அப்பச்சன் தயாரித்தது. பின்னர்த் தமிழிலும் 'சுட்டி சாத்தான்' என்று வந்தது. அசைவூட்டப் படமன்று, எனினும் நம் பொருளுக்கு நெருங்கிய உறவு. அதில் குழந்தைகள் சுவரில் நடந்து, கூரையில் தலைகீழாக நடந்து, மறுசுவர் வழியே இறங்குவர். கண்ணாடி அணிந்து கண்ட நம் சிறுவர்கள் வீட்டுச் சுவரில் கால் வைத்துப் பார்த்ததை அந்நாளைய தாய்மார் மறந்திரார். செய்த வழி இது. அறை முழுவதையும் சுழலக்கூடியதாகக் கட்டினர். படக்கருவியை அவ்வறையோடு சேர்த்துப் பொருத்தினர். அறை சுழன்றது, கருவியும் சுழன்றது. குழந்தைகளோ எப்பொழுதும் கீழே இருக்கும் பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தனர். ஹாலிவுட்டில் 1951-இல் பிரெட் அஸ்டேர் கூரையில் ஆடியதும் இவ்வாறே. சிந்தித்தால், அங்கே புவியீர்ப்பு ஓர் அணுவளவும் வளையவில்லை. அக்குழந்தைகளைப்போல் புவியீர்ப்புக்குக் கீழ்ப்படிந்து நடந்தவர் எவருமிலர். வளைந்தது, எது மேல், எது கீழ் என்னும் நம் முடிவு.

இவ்விடத்தில் பொய் பற்றிய வினா சற்றுத் தெளிவடைகிறது. நம்மை நம்பவைத்து நம் பொருளைக் கவர்கின்றவன் சொல்வது பொய். தன்னைக் கதையென்று முன்னரே அறிவித்துக்கொண்டு வருவதைப் பொய்யென்று சொல்ல நம் இலக்கண மரபே இடந்தருவதில்லை. உலகியல் வழக்கு, நாடக வழக்கு என்று இரண்டைப் பிரித்து, இரண்டும் கலந்ததே புலனெறி வழக்கம் என்று தொல்காப்பியர் வகுத்தார். இறையனார் அகப்பொருள் உரைகாரரோ, உலகில் இல்லாததாயினும் இனியதாயும் நல்லதாயும் இருத்தல் கொண்டு அவ்வொழுக்கத்தைப் போற்றினார். உலகில் இல்லாப் பொருளை உவமையாக்கினால் அதற்கும் இல்பொருளுவமை என்று பெயரிட்டு வீட்டுக்குள் இருக்கை கொடுத்தோம். வள்ளுவரும் வாய்மையைச் சொல்லின் பொருத்தத்தால் அளக்கவில்லை. பிறர்க்குத் தீங்கின்மையால் அளந்தார். எனவே தீங்கு உண்டா என்பதே கேட்க வேண்டிய கேள்வியாகிறது.

தீங்கு இல்லை என்று ஒரேயடியாகச் சொல்ல நம்மால் இயலாது. 1997-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'சக்திமான்' தொடரின் நாட்களில், அவ்வீரன் வந்து காப்பான் என்று நம்பிச் சிறுவர்கள் தம்மை இடருக்குள்ளாக்கிக்கொண்டதாகச் செய்திகள் வந்தன. அத்தொடரின் மேல் கண்டனமும் எழுந்தது. அவற்றில் எவ்வளவு உண்மை என்ற வாதம் ஒருபுறமிருக்க, நாயகராக நடித்தவரே தோன்றி, இத்தகைய செயல்களைச் செய்து பார்க்காதீர்கள் என்று குழந்தைகளிடம் சொல்ல வேண்டியதாயிற்று. மாடியில் நிற்கும் ஐந்து வயதுக் குழந்தைக்குப் புலனெறி வழக்கம் தெரியாது. அருகில் ஒரு பெரியவர் இருந்தால்தான் தெரியும். பாட்டி கதை சொன்ன காலத்தில் பறக்கும் அனுமனும், பறக்காத பாட்டியின் மடியும் ஒரே இடத்தில் இருந்தன. கதை எங்கே முடிகிறது என்பதைக் குழந்தை அம்மடியின் சூட்டினால் அறிந்தது. இன்று திரைக்கும் குழந்தைக்கும் இடையே அந்த மடி இல்லை. இதைப் படத்தின் குற்றமென்று சொல்லுதல் நேர்மையாகுமா என்பது ஐயமே. இருவரும் வேலைக்குச் செல்லும் வெளியூர்க் குடும்பத்தைக் குற்றம் கூறவும் நமக்கு மனமில்லை.

இனி அடிபடும் பூனைக்கு வருவோம். இதைப் பலர் கொடிது என்கின்றனர். 1949 முதல் திரையில் ஓடிவரும் அந்த அமெரிக்க ஓநாய் எத்தனை முறை பள்ளத்தில் விழுந்திருக்கும்? அதைப் படைத்த சக் ஜோன்ஸ் என்பாரின் பெயரால் வழங்கும் விதிகளுள், புவியீர்ப்பே அதன் முதற்பகை என்பது ஒன்று. அது காயப்படுவதைவிட அவமானப்படுவதே மிகுதியாய் இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. நம் தோல்பாவைத் திரையிலும் உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என இரு கோமாளிகள் உண்டு. ஒருவனையொருவன் மொத்துவர், வீழ்வர், உடனே எழுந்து வசை பேசுவர். ஆனால் அதே திரையில், அதே விளக்கொளியில், வாலி அம்பு பட்டு வீழ்ந்தால் எழுவதில்லை. இந்திரசித்து எழுவதில்லை. கோமாளிக்கு ஒரு விதி, வேந்தனுக்கு ஒரு விதி. இரவெல்லாம் விழித்திருந்த சிறுவன் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் கண்டான். எது சிரிக்கத்தக்க அடி, எது அழத்தக்க அடி என்று எவரும் சொல்லாமலே கற்றான். இன்றைய குழந்தை கோமாளியை மட்டும் நாள் முழுவதும் காண்கிறது. வேந்தன் அதன் திரைக்கு வருவதேயில்லை. நம் கவலை அடியைப் பற்றியதன்று. எழாதவர் எவரையும் காணாமல் வளர்வதைப் பற்றியது.

1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும், தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று திரண்டவர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. அதில் வீழ்ந்தோர் எழவில்லை. அவர்கள் கேட்ட எல்லையில் நெய்யாற்றின்கரையும் அடங்கியிருந்தது. இதனை நம் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வீரகாதையாகச் சொல்வதில் தவறில்லை. நம் மரபு அதுவே. ஆனால் குண்டு பட்ட இடத்தில் பூச்சொரிந்தது என்ற அளவில் சொல்லி முடித்துவிட்டால், அது கார்ட்டூனை விடவும் கேடான பொய்யாகும். கார்ட்டூன் ஓநாய்க்குக் குடும்பம் இல்லை.

விதியை எவ்வளவு வேண்டுமானாலும் வளைத்துக்கொள். விலையை மட்டும் மறைக்காதே என்பதை நம் நாட்டார் கதைகள் கண்டிப்பாகக் கடைப்பிடித்தன. கள்ளியங்காட்டு நீலியின் கதையை வில்லுப்பாட்டில் கேட்டவர்க்கு இது விளங்கும். இறந்தவள் எழுகிறாள், கள்ளிக்கொம்பு கைக்குழந்தையாகிறது. உயிரியலும் இயற்பியலும் அங்கே ஒருங்கே கவிழ்கின்றன. ஆனால் அவள் ஏன் எழுந்தாள்? நம்பியவன் அவளைக் கொன்றான், ஆகவே எழுந்தாள். கொலைக்கு விளைவு உண்டு என்னும் ஒரு விதியை நிலைநாட்டுதற்கே மற்றெல்லா விதிகளும் அக்கதையில் வழிவிட்டு நிற்கின்றன. நீதிமன்றம் எட்டாத பெண்ணுக்காகப் புவியீர்ப்பு சற்று ஒதுங்கிக்கொண்டது என்றே சொல்லலாம். அப்பொய்யைக் கேட்டு எவரும் கெட்டதாகத் தெரியவில்லை. கேட்டுச் சிலர் இரவில் தனிவழி போகத் தயங்கியிருக்கலாம். தயங்கியவர்களிற் சிலர் தயங்க வேண்டியவர்களாகவும் இருந்திருக்கலாம்.

இத்தனையும் மனத்திற் கொண்டு, 2009-இல் பிக்ஸார் நிறுவனம் வெளியிட்ட 'அப்' என்னும் படத்தை வெளியூர் வாழ் தமிழர் ஒருமுறை காண வேண்டும் என்று நாம் விரும்புகின்றோம். மனைவியை இழந்த 78 வயது முதியவர் ஒருவர், அவளோடு வாழ்ந்த வீட்டை விட்டுப் பிரிய மனமின்றி, வீட்டின் கூரையிற் பலூன்களைக் கட்டி, வீட்டோடு தென்னமெரிக்காவுக்குப் பறக்கிறார். பறக்கும் காட்சிகளில் 10,297 பலூன்களைக் கணினியில் வரைந்தார்களாம். ஹீலியம் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிராம் எடையைத் தூக்கும். கடைத்தெருப் பலூன் ஒன்று பத்து கிராம் தூக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அத்தனை பலூன்களும் சேர்ந்து ஏறக்குறைய நூறு கிலோ தூக்கும். வீட்டையன்று, வீட்டுக்குள் இருக்கும் அந்த முதியவரை அவர் நாற்காலியோடு தூக்கலாம். உண்மை வீட்டுக்கு 2 கோடி முதல் 3 கோடி பலூன்கள் வேண்டும் என்று படத்தை ஆக்கியவர்களே கணக்கிட்டுச் சொல்லியிருக்கின்றனர். 2011-இல் அமெரிக்காவில் மெலிந்த மரவீடு ஒன்றை 300 பெரிய வானிலைப் பலூன்களாற் பத்தாயிரம் அடிக்கு மேல் உயர்த்தியும் காட்டினர். ஆக, அப்படம் விதியின் அளவைத்தான் பொய்யாக்கிற்று; விதியின் இயல்பை அன்று.

இயல்பைப் பொய்யாக்காததன் பயன் படத்தின் பின்பகுதியில் தெரிகிறது. பலூன்கள் குறைந்துவிடுகின்றன, வீடு தரையில் நிற்கிறது, ஆபத்தில் இருக்கும் ஒரு சிறுவனைக் காக்க முதியவர் மீண்டும் பறந்தாக வேண்டும். என் செய்வார்? வீட்டிலுள்ள பொருள்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளுகிறார். மேசை போகிறது, பெட்டி போகிறது, அவரும் அவளும் அருகருகே அமர்ந்த இரு நாற்காலிகளும் போகின்றன. பாரம் குறையக் குறைய வீடு அசைகிறது, எழுகிறது. வீடு பறக்கும் என்னும் பெரும்பொய்யைச் சொன்ன படம், எடையைக் குறைக்காமல் எழ முடியாது என்னும் விதியில் மட்டும் ஒரு கிராம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால், மந்திரத்தால் எழுந்தது என்றிருந்தால், அந்த இரு நாற்காலிகள் வெளியில் நிற்கும் காட்சிக்கு நாம் ஏன் கண் கலங்க வேண்டும்? அத்துன்பம் முழுவதும் புவியீர்ப்பினால் வந்தது.

புலம்பெயர்ந்தார் யாவரும் வீட்டை ஏதோ ஒரு பலூனிற் கட்டிக்கொண்டே புறப்பட்டவர்கள். மூன்றாம் மாடிக் குடியிருப்பிலும் பித்தளை நிலைவிளக்கு நிற்கிறது, உரல் ஒன்று பால்கனியில் மழையில் நனைகிறது, எவரும் அரைப்பதில்லை. அவை இருக்கட்டும். நாம் சொல்லும் ஊர்க்கதைகளைத்தான் இங்கே எடைபோட வேண்டும். ஊரில் கதவு பூட்டியதில்லை, ஆற்றில் நீர் வற்றியதில்லை, அண்டை வீட்டார் சண்டையிட்டதில்லை, மரச்சீனிக்கும் மீனுக்கும் ஈடாக உலகில் உணவில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்கின்றோம். கடைசியொன்று உண்மை என்பதிற் கருத்து வேறுபாடில்லை. ஏனையவற்றில் ஊர் தரையில் கால் படாமல் மிதக்கிறது. அவ்வளவு இனிய ஊரை விட்டு எதற்காக வந்தீர்கள் என்று பிள்ளை கேட்டால் நம்மிடம் விடையில்லை. ரப்பர் விலை வீழ்ந்த ஆண்டையும், அடகு வைத்து மீளாத பத்து சென்ட் நிலத்தையும், சாதி கேட்டு வாசலில் நிறுத்திய வீட்டையும், தமிழ் வகுப்புக்கு ஆசிரியர் வாராமல் கழிந்த பள்ளி நாளையும் நாம் சொல்லவில்லை. அனுமன் மிதித்தபோது அமிழ்ந்த மலையைச் சொல்லாமல், அவன் பறந்ததை மட்டும் சொல்கின்றோம்.

பிள்ளை பிறகு ஒருநாள் ஊருக்கு வருகிறான். மிதக்காத ஊரைக் காண்கிறான். பேருந்து நெரிசலையும் பங்குப் பிரிவினையால் இரண்டாகிய முற்றத்தையும் காண்கிறான். தாத்தா பொய் சொன்னார் என்ற எண்ணம் அவனுக்கு அப்போது வந்தால், அதை மறுக்க நமக்கு வாயிராது. தொல்காப்பியரை அழைத்துப் பயனுமிராது. ஏனெனில் இதனை நாம் கதையென்று அறிவித்துச் சொல்லவில்லை, மெய்யென்றே சொன்னோம். திரையில் வீடு பறந்தபோது ஏமாறாத பிள்ளை, இங்கே ஏமாந்தான்.

நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே மருந்துவாழ்மலை நிற்கிறது. சஞ்சீவி மலையை அனுமன் தூக்கிச் சென்றபோது அதினின்று பெயர்ந்து விழுந்த ஒரு துண்டு என்று அதனைப் பற்றிய கதை. விடுமுறைக்கு வரும் குடும்பங்கள் பிள்ளைகளுக்குக் கன்னியாகுமரிக் கதிரவனைக் காட்டும் வழியில் காரை நிறுத்தி இதனையும் காட்டுவதுண்டு. நிறுத்துவோர்க்கு ஒரு வேண்டுகோள். கதையைச் சொல்லுங்கள், மலை பறந்ததைச் சற்றும் குறைக்காமற் சொல்லுங்கள். மலை முழுவதும் பறந்திருக்க, இந்தத் துண்டு மட்டும் ஏன் பாட்டா விழுந்தது என்று பிள்ளை கேட்டால், வண்டியைக் கிளப்ப அவசரப்படாதீர்கள். பக்கத்து மரநிழலில் உட்கார்ந்து விடை சொல்வதற்கு அரைமணி நேரம் தேவைப்படும்.